ஓட்டை வாளி

மூன்று பக்கம் உப்பளமும் நாலாவது பக்கம் தார் ரோடுமாக இருக்கிற வெள்ளாங்காட்டில் உப்புக்காரத் தெரு என்று ஒரு தெரு. தெருவுக்கு ஒரு கிணறு, கிணற்றுக்கு ஒரு உருளை. உருளைக்குத்தான் கயிறு கிடையாது. கிணற்றில் இருப்பதெல்லாம் கடலுக்குத் தம்பி முறை ஆகிற கைப்புத் தண்ணீர் என்று ஆன பிறகு, கயிறு வாங்கி அதில் எதை இறைக்க? குடிக்க லாரி வரும், வந்தால் வரும். அந்தத் தண்ணீரிலே ப்ளீச்சிங் பவுடர் வாடை மூக்கைத் துளைக்கும், மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு நம்மை ஒரு பார்வை பார்க்கும்.

அந்தத் தெருவுக்கு, பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க லிடியா டீச்சர் வந்து சேர்ந்தாள். முப்பது வயசுகூட ஆகாத பிள்ளை, மூக்குக்கண்ணாடியும் குடையுமாக. சங்கக் கட்டடத்தில் சாயந்தரம் வகுப்பு. பகல் பூரா பாத்தியிலே உப்பு வாரிக் கண்ணும் காலும் எரிய வருகிற பொம்பளைகள், "அம்மா, ஆடு, இலை" வருவதற்குள் சுவரில் சாய்ந்து தூங்கிப்போவார்கள். டீச்சர் கொஞ்ச நாள் பார்த்தாள். பிறகு ஒரு நாள் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "இன்னைக்குப் பகல்ல உங்க கண்ணு எதைப் பார்த்துச்சோ அதை மூணு வரியில சொல்லுங்க. நான் போர்டுல எழுதுதேன், நீங்க பார்த்து எழுதுங்க. தூக்கம் வாரதுக்கு முந்தி மூணு வரி முடிஞ்சிரும்" என்றாள்.

"மூணு வரியில என்ன டீச்சர் சொல்ல முடியும்? எம் மாமியாளப் பத்திச் சொல்ல முந்நூறு வரி வேணுமே" என்றாள் எஸ்தர்.

"மாமியாரை விடுங்க. எது கண்ணுல பட்டுச்சு, அது. முதல் ரெண்டு வரி ஒரு பக்கம் போகட்டும், மூணாவது வரி திரும்பிப் பார்க்கணும். இதுக்கு ஹைக்கூன்னு பேரு. ஒண்ணே ஒண்ணு, 'போல'ன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது. சொன்னா அன்னைக்குப் போர்டு அழிக்கிற வேலை அவங்களுக்கு."

எஸ்தர் யோசித்து யோசித்துச் சொன்னாள், டீச்சர் எழுதினாள்:

உப்பு அம்பாரம்.
உச்சியில் நிற்கும் கொக்கைக்
கண் கூசித் தேடுகிறேன்.

மூன்றாவது வரியை எல்லாரும் சேர்ந்து வாசித்து முடித்ததும் கொக்கு வந்தது. வெள்ளைச் சுவரோரம் நின்றதால் கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது. "ஏளா, கதவைச் சாத்து, கோழி வந்து சண்டை போடும்" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி எழுந்துபோய்ச் சாத்தினாள். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அடுத்தது யார்?" என்றாள்.

அன்றிலிருந்து அப்படித்தான். கண்ணால் பார்த்ததை உள்ளபடி மூன்று வரியில் சொன்னால் அது வந்தது. தெருவிலும் தெருவைச் சேர்ந்த அளத்திலும் பார்த்தது மட்டும்தான் வரும். வாக்கப்பட்டு வந்த பெண்கள் தங்கள் அப்பன் ஊர்க் குளத்தையும் தெப்பத்தையும் சொல்லிப் பார்த்தார்கள், ஒரு சொட்டு வரவில்லை. மாமியார் ஊரிலே அம்மா வீட்டுப் பெருமை எடுபடாது என்பது தெரிந்ததுதானே? ஒரு தடவை சொன்னது அதோடு செலவு, மறுதடவை சொன்னால் வெறுங்காற்றுதான். சங்கச் செயலாளர் பொன்னுலிங்கம் மீசையை முறுக்கிக்கொண்டு கூலி உயர்வைப் பற்றி மூன்று வரி சொன்னார். தெருவில் யாருமே அதைக் கண்ணால் பார்த்ததில்லை என்பதால் எதுவும் வரவில்லை.

'போல'வின் கதைதான் பெரிய கதை. 'போல' என்று சொல்லிவிட்டால், தெருவில் பார்த்ததோ பார்க்காததோ, உவமைதான் வந்து விழும். கல்யாண பேனருக்குக் கவிதை எழுதுகிற கவிமுரசு ஞானதுரை, "நமக்குத் தெரியாத மூணு வரியா?" என்று தெருவில் நடந்த ஒரு கல்யாணத்தில் மேடையேறி, பெண்ணின் முகம் தாமரை போல, கால் வாழைத்தண்டு போல என்று மைக்கில் முழங்கினான். முகமும் காலும் அங்கேயே இருக்க, சேற்றோடும் அட்டையோடும் ஒரு தாமரைக்கொடி மாப்பிள்ளை மடியில் விழுந்தது, வாழைத்தண்டு மாமனார் காலில் விழுந்தது. தண்டைச் சமையல்காரர் எடுத்துப்போய்ப் பந்திக்குப் பொரியல் ஆக்கிவிட்டார். அட்டையைப் பிடுங்கத்தான் உப்பு தேவைப்பட்டது, அதற்கு அந்த ஊரில் பஞ்சமா?

இந்த வகுப்பில் எல்லாருக்கும் பின்னால் உட்கார்ந்திருந்தவள் சந்தனமாரி. ஐம்பது வயது. அந்தத் தெருவிலேயே பிறந்து, அத்தை மகனையே கட்டி, அவனும் போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றை மகள் முத்துக்கனியைக் கயத்தாறு பக்கம் கட்டிக்கொடுத்தவள். மகள் இப்போது முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். ஆனால் சம்பந்தி பரமேஸ்வரி வாயிலே வழக்கம் செல்லாது.

"மைனி, தப்பா நினைக்காதிய. உங்க ஊர்த் தண்ணியில பிள்ளையைக் குளிப்பாட்டுனா கருவாடாத்தான் திருப்பித் தருவிய."

"லாரித் தண்ணி இருக்கு மைனி."

"அது தரை கழுவுத மருந்துல்லா? கேளுங்க, உங்க கிணத்துல இருந்து ஒரு வாளி நல்ல தண்ணி இறைச்சு வளைகாப்புக்கு முந்திக் காட்டுங்க. அனுப்பி வைக்கேன். இல்லைன்னா பேறுகாலம் இங்கனதான்."

இறைக்க முடியாது என்று தெரிந்து சொன்ன சொல். அது சந்தனமாரிக்கும் தெரியும். அன்று பஸ்ஸில் வரும்போதே முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். மகளைக் கூட்டி வந்த பிறகுதான் அதை அவிழ்ப்பது என்று. அந்த முடிச்சோடுதான் உப்பு வாரினாள், அந்த முடிச்சோடுதான் வகுப்பில் உட்கார்ந்தாள்.

முதலில் அவளுக்குத் தோன்றியது குறுக்குவழி. "டீச்சர், தண்ணி எதுக்கு? எம் மவளையே மூணு வரியில சொல்லிருதேன். வந்திருவால்லா?"

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள். "சொல்லலாம்க்கா. கடைசியா இந்தத் தெருவுல அவளை எப்பம் பார்த்திய?"

"கல்யாணம் முடிஞ்சு வேன்ல ஏறும்போது."

"அப்பம் எது தெரிஞ்சுது?"

"முதுகு டீச்சர்" என்றாள் சந்தனமாரி. பட்டுச்சேலையும் சடையில் வைத்த பூவுமாக, திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று திரும்பாமலே ஏறிய முதுகு.

"அதுதான் வரும்க்கா. முதுகைக் காட்டிட்டே நிப்பா. நீங்க முன்னால போய் நின்னாலும் முதுகுதான் தெரியும்."

சந்தனமாரி முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "சரி. அப்பம் தண்ணியே சொல்லுதேன்."

சொல்லி வருகிற தண்ணீராகவா இருந்தது அது? தாகத்தைச் சொன்னாள், வரவில்லை. கண்ணீரைச் சொன்னாள், வந்தது, அதுவும் உப்பு. "நீங்களே ஒரு குடம் எழுதிக் கொடுங்க டீச்சர்" என்று எல்லாரும் கெஞ்ச, டீச்சர் எழுதினாள். நீலக் குடத்தில் நுரை கட்டிய தண்ணீர் வந்தது, வகுப்பு முழுக்க ப்ளீச்சிங் வாடை. "நான் உங்க தெருவுல பார்த்தது லாரித் தண்ணிதான். உங்க தண்ணியை நான் எழுத முடியாது" என்றாள்.

இந்த நிலவரத்தில்தான் சிவனணைஞ்ச தாத்தா உள்ளே புகுந்தார். கிணறு கழுத்துவரை நல்ல தண்ணீர் கிடந்த காலத்தைப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். "பொம்பளைகளா, நீங்க முக்கிக்கிட்டே இருங்க, நான் முடிச்சிட்டு வாரேன்" என்று கிணற்றடிக்குப் போய், பல்லில்லாத வாயால் கணீரென்று சொன்னார்:

வெள்ளாங்காட்டுக் கிணறு.
குனிந்தால் கை எட்டும் தண்ணீர்,
பசும்பால் போல.

கிணறு நிறையப் பால் வந்தது. தெருவே குடம், அண்டா, குழந்தை குளிக்கிற தொட்டி என்று தூக்கிக்கொண்டு ஓடியது. டீக்கடை மாடசாமி பாய்லரையே உருட்டிக்கொண்டு வந்தான். கீழே கிடந்த கைப்புத் தண்ணீரில் பட்ட பால், அவர்கள் வாளியை இறக்குவதற்குள் திரிந்துபோனது. மறுநாளே நாறத் தொடங்கியது, நாற்றம் தார் ரோடு தாண்டிப்போய், பஸ் டிரைவர்கள் வெள்ளாங்காடு வந்ததும் ஹாரனை விட்டுவிட்டு மூக்கைப் பிடித்தார்கள். தாத்தா மறுபடி, 'போல' இல்லாமல், அதே கிணற்றைச் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல எதுவும் வரவில்லை. அவர் பார்த்த கிணறு அந்தப் பாலோடு செலவாகிவிட்டது. அப்புறம் அவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு போனார், நாற்றத்துக்கு என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

தெருக்கூட்டம் போட்டார்கள். "கொக்கு வந்துச்சு, பொறுத்தோம். கல்யாணத்துல அட்டை விழுந்துச்சு, பொறுத்தோம். இனி வகுப்பு வேண்டாம்" என்றார் பொன்னுலிங்கம். கூலி உயர்வு வராத கோபமும் அவர் குரலில் இருந்தது. சங்கக் கட்டடத்தைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டார்.

டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தலைகுனிந்து போகிறாள் என்று எல்லாரும் நினைக்க, அவள் நேரே கிணற்றடிக்குப் போய், தயிர் நாற்றத்துக்கு நடுவிலே, உருளைத் தூணில் சாக்பீஸால் 'வகுப்பு' என்று எழுதினாள். மறுநாள் சாயந்தரம் அங்கே வந்தது சந்தனமாரி மட்டும்தான், மூக்கில் சேலையைப் பொத்திக்கொண்டு. அதற்கடுத்த நாளும் அவள் மட்டும்தான். வளைகாப்புக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"வரலை டீச்சர். எனக்கு வரவே வரலை. எப்படி இருந்துச்சுன்னு நினைச்சு நினைச்சுப் பார்க்கேன், இளநி இருக்குல்லா, அது..."

"எப்படி இருந்துச்சுன்னு நான் கேக்கவே இல்லைக்கா. என்ன இருந்துச்சு?"

"தண்ணி இருந்துச்சு."

"அதுக்கு முந்தி?"

"கயிறு."

"சரி, எந்திரிங்க. வார்த்தையைத் தேட வேண்டாம். கயித்தைப் பிடிச்சு இழுங்க."

"கயிறு எங்க இருக்கு?"

"கை இருக்குல்லா?"

சந்தனமாரிக்குச் சிரிப்பாக வந்தது. தெருவில் போகிறவர்கள் பார்த்தால் பித்துப் பிடித்துவிட்டது என்பார்கள். ஆனாலும் எழுந்தாள், கிணற்றுக் கல்லில் ஒரு காலை ஊன்றினாள், வெறும் காற்றைக் கையால் பற்றி இழுத்தாள். ஒரு கை, மறு கை, ஒரு கை, மறு கை. இழுக்க இழுக்க இடுப்பு தன்னாலே வளைந்து கொடுத்தது, தோள் பழைய கணக்கைப் பிடித்தது, உள்ளங்கையில் கயிற்றின் நார் உறுத்தியது. பாவாடை கட்டிய பிள்ளையாக அவள் அங்கே நின்றாள், கிணறு வற்றிக்கொண்டு வந்த அந்தக் கடைசிக் கோடையில், ஆத்தா கொடுத்துவிட்ட வாளியோடு. "டீச்சர், அது ஓட்டை வாளி" என்றாள் திடீரென்று.

"சொல்லுங்க."

"அடியில ஓட்டை. வேகமா இழுக்கணும், இல்லைன்னா ஒண்ணும் மிஞ்சாது. ஆனா நான் மெதுவாத்தான் இழுப்பேன். ஆத்தா ஏசுவா. உள்ள சத்தம் கேக்கும், அதுக்காக."

"என்ன சத்தம்?"

சந்தனமாரி இழுக்கிற கையை நிறுத்தவில்லை. கிணற்றைக் குனிந்து பார்த்தபடியே சொன்னாள்:

ஓட்டை வாளி.
மேலே வந்து சேரும்வரை
கிணற்றுக்குள் சொட்டுச் சத்தம்.

கையில் கயிறு இருந்தது. உருளை கிரீச்சென்று சுற்றியது, எத்தனையோ வருஷத் துரு உதிர்ந்து அவள் முகத்தில் விழுந்தது. கயிற்றின் நுனியில், ஒரு பக்கம் நசுங்கிய தகர வாளி, பாதித் தண்ணீரோடு, சொட்டிக்கொண்டே மேலே வந்தது.

நாற்றம் அப்போதே அடங்கிவிட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. இல்லை, தண்ணீரைப் பார்த்ததில் மூக்கு மறந்துவிட்டது என்று சொல்கிறவர்களும் உண்டு. எதுவானாலும் தெரு ஓடி வந்தது. மாடசாமி கெட்டிலோடு முன்னால் வந்தான். "எக்கா, ஒரே ஒரு டீ! இந்தத் தண்ணியில ஒரே ஒரு டீ!"

"கிட்ட வந்தேன்னா கெட்டில் கிணத்துல கிடக்கும்" என்றாள் சந்தனமாரி.

"அடைளா, ஓட்டையை அடை! சோப்புக்கட்டி கொண்டா!" என்று பொன்னுலிங்கம் கத்தினார். "பாதி வாளி ஒழுகிப்போச்சுன்னா சம்பந்திக்கு எதைக் காட்டுவ?"

அதுதான் அவள் பயமும். இந்தப் பாதி வாளிதான் முத்துக்கனி. சொட்டுச் சொட்டாக முத்துக்கனி கிணற்றுக்குள் போய்க்கொண்டிருந்தாள். ஒரு சோப்புத்துண்டைத் திணித்து, தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு இப்போதே பஸ் ஏறினால் காரியம் முடிந்தது. ஆனால் அதற்கப்புறம்? பிரசவத்துக்கு வருகிறவளுக்கு ஒரு வாளியா போதும்? குடிக்க, குளிக்க, பிள்ளைத்துணி அலச? அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள், பார்ப்பது ஒன்றுதான் வேலை என்கிற மாதிரி. அதைப் பார்த்ததும் சந்தனமாரிக்குப் புரிந்துபோனது.

"யாரும் அடைக்கக் கூடாது. யாரும் குடிக்கவும் கூடாது" என்று வாளியைக் கிணற்றுக் கல்லின் உள்விளிம்பில் வைத்து, குறுக்கே நின்றுகொண்டாள். "பாருங்க. ஒழுகித் தீர்றதுக்குள்ள எல்லாரும் நல்லாப் பாருங்க. நம்ம தெருவுல நல்ல தண்ணி எப்படி இருக்குன்னு தாத்தாவைத் தவிர யாரும் பார்த்ததில்லைல்லா? இப்பம் பாருங்க. பார்த்தது இனி உங்களுக்கு. ஆளுக்கு ஒரு குடம் சொல்லுங்க. ஏய் மாடசாமி, எட்டிப் பாருல!"

பார்த்தார்கள். உப்பின் வெள்ளையில் கூசிக் கூசி இடுங்கிப்போன கண்களெல்லாம் அன்றைக்கு விரியத் திறந்து பார்த்தன. வாளியின் நசுங்கலில் வானம் கோணலாகக் கிடப்பதை ஒருத்தி பார்த்தாள். விளிம்பைச் சுற்றி ஓர் எறும்பு வழி தேடுவதை ஒருத்தி பார்த்தாள். சிவனணைஞ்ச தாத்தா முகத்துத் துண்டை எடுத்துவிட்டு, வாளிக்கு மேலே குனிந்து தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "தாத்தா, 'போல' வராம சொல்லணும்" என்றாள் எஸ்தர். "தெரியும்ளா, வாயை மூடு" என்றார் அவர். கடைசிச் சொட்டு கிணற்றுக்குள் விழுந்த சத்தத்தையும் எல்லாரும் கேட்டார்கள். கேட்டு முடிந்ததும் தாத்தாதான் முதலில் சொன்னார்:

வாளித் தண்ணீர்.
என் பல்லில்லாச் சிரிப்பை
எறும்பு கடந்து போகிறது.

ஒரு வாளி வந்தது, ஓட்டையில்லாத வாளி, எறும்போடு. பிறகு எஸ்தர் ஒரு குடம். பிறகு மாடசாமி, கெட்டில் மூக்கில் தொங்கிய ஒரு சொட்டைச் சொல்லி, ஒரு கெட்டில். பொன்னுலிங்கம் மடியிலிருந்து சாவியை எடுத்து டீச்சரிடம் கொடுத்தார். "கட்டடம் வேண்டாம் சார், இங்கேயே நல்லாருக்கு" என்றாள் டீச்சர்.

சொன்னதையே சொன்னால் காலிக்குடம்தான் வரும் என்பதால், அந்தத் தெருவில் தினமும் புதிதாக ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. அடுப்பிலே உலை வைக்க வேண்டிய நேரத்தில் பொம்பளைகள் முற்றத்தில் நின்று எதையாவது உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கேட்டால், "சும்மா இருங்க, தண்ணி எடுக்கேன்" என்பார்கள். ஞானதுரைக்கு ரொம்ப நாள் தாமரையும் பலாச்சுளையும்தான் வந்தன. டீச்சர் அவனைத் தினமும் போர்டு அழிக்க வைத்து வழிக்குக் கொண்டுவந்தாள். அழிக்கும்போது பறக்கிற சாக்பீஸ் தூள் தண்ணீரில் இறங்குவதை ஒரு நாள் அவன் பார்த்துச் சொன்னான், அன்றைக்கு அவன் வீட்டில் முதல் குடம் நிறைந்தது. அவன் பெண்டாட்டி அதற்குப் பொட்டு வைத்தாள்.

வளைகாப்புக்குச் சந்தனமாரி வளையலும் பூவும் ஏழு வகைச் சோறும் எடுத்துக்கொண்டு, மடியில் ஒரு தூக்குச்சட்டியும் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். சொன்ன தண்ணீர் ஊர் எல்லை தாண்டுமா தாண்டாதா என்று யாருக்கும் தெரியாது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் மூடியைத் திறந்து பார்த்தாள். பக்கத்துச் சீட்டுக்காரி, "என்னம்மா, மீனா?" என்று கேட்டாள். "மவ" என்றாள் சந்தனமாரி.

பரமேஸ்வரி ஒரு டம்ளர் குடித்தாள். இன்னொரு டம்ளர் குடித்தாள். டம்ளரைத் திருப்பி அடியில் எதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு, "நல்ல நாள் பார்த்துக் கூட்டிட்டுப் போங்க மைனி" என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஒரு வாய் மிச்சம் வச்சிட்டுப் போங்க" என்றாள்.

மகள் வருகிற அன்றைக்குத் தெருவே ரோட்டுக்கு வந்துவிட்டது. பஸ் வந்து நின்றது. சந்தனமாரி முடிச்சைப் பிடித்தபடி முன்னால் நின்றாள். படியில் முதலில் தெரிந்தது ஒரு முதுகு. சேலையும் சடையும் சடையில் பூவுமாக, அதே முதுகு. ஐயோ, தூக்கத்தில் எப்போதாவது மூன்று வரி சொல்லித் தொலைத்தேனா? கேட்க டீச்சர் பக்கத்தில்தான் நின்றாள், சந்தனமாரி முடிச்சை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"எக்கா, இது சொல்லி வந்த பிள்ளையா, பஸ்ல வந்த பிள்ளையா?" என்று மாடசாமி பின்னாலிருந்து கேட்டான்.

"டிக்கெட் எடுத்திருக்கு, வயித்துப்பிள்ளைக்காரி, படி உயரம், பின்பக்கமாத்தான் இறங்கணும், வழி விடுங்கய்யா!" என்று கண்டக்டர் சத்தம் போட்டான்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் இறங்கியது. மறு கால் இறங்கித் தரையைத் தொட்டது. முத்துக்கனி திரும்பினாள்.

அன்று கிணற்றடியில் எஸ்தர், "யக்கா, இதை மூணு வரியில சொல்லுங்க, என்ன அருமையா வரும்" என்று எவ்வளவோ கேட்டாள். டீச்சரும் சாக்பீஸோடு காத்திருந்தாள். சந்தனமாரி முந்தானையின் முடிச்சை அவிழ்த்து, கசங்கியதை நீவிவிட்டுக்கொண்டாள்.

"மாட்டேன். சொன்னா செலவாயிரும்" என்றாள்.

பிறகு மகள் குளிக்க வெந்நீர் வேண்டுமே என்று ஞாபகம் வந்து, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, புதிதாக எதையாவது பார்க்க முற்றத்துக்குப் போனாள்.